வீடு இருந்தது, கிரான் இல்லை

பெஸ்தாரி ஜெயா, புக்கிட் தாகார் வட்டாரத்தில் ஐந்து தோட்டங்களைச் சேர்ந்த 245 குடும்பங்களுக்குத் தரைவீடுகள் கட்டித் தரப்படும் என்று பிரதமர் அன்வார் இப்ராஹிம் தலைமையிலான அரசாங்கம் 2023ஆம் ஆண்டு அறிவித்தது. மேரி தோட்டம், சுங்கை திங்கி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், மின்யாக் தோட்டம் ஆகியவையே அந்த ஐந்தும். 1990களில் அந்த நிலம் கைமாறியது. அப்போது தொடங்கிய வீட்டுக் கோரிக்கை மகஜராகவும் பேச்சுவார்த்தையாகவும் மறியலாகவும் இருபது ஆண்டுகளுக்கும் மேல் நீண்டது. வீடு கேட்டுக் கையெழுத்துப் போட்ட முதியவர்களில் சிலர் அந்த அறிவிப்பைக் கேட்க உயிரோடு இல்லை.

நல்ல செய்திதான். ஆனால் இடைநிலைப்பள்ளியிலும் கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் படிக்கும் நாம் அதைக் கைதட்டிவிட்டுக் கடந்துபோகக் கூடாது. மூன்று, நான்கு தலைமுறையாக ஒரே மண்ணில் உழைத்த குடும்பங்கள், தலைக்கு மேல் ஒரு கூரைக்காக ஏன் இத்தனை காலம் காத்திருக்க நேர்ந்தது? இந்தக் கேள்விக்கான விடையில் நம் தலைமுறைக்கு வேண்டிய பாடம் இருக்கிறது.

விடை எளிது. அவர்களுக்கு வீடு இருந்தது. கிரான் இல்லை.

சம்பளத்தோடு வந்த வீடு

கோல சிலாங்கூர் மாவட்டத்தில் தென்னமரம் என்றொரு தோட்டம் உண்டு. ஹென்ரி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917ஆம் ஆண்டு அங்கே செம்பனையை நட்டார். நம் நாட்டில் வணிக முறையில் பயிரிடப்பட்ட முதல் செம்பனைத் தோட்டம் அதுதான். உலகச் சந்தையில் மலேசியாவுக்குப் பெயர் வாங்கித் தந்த ஒரு தொழில் தொடங்கிய இடத்தின் பெயர் தமிழ்ப் பெயர். அந்த மண்ணில் வேலை செய்தவர்கள் பேசிய மொழி நிலைத்துவிட்டது. அவர்கள் பெயரில் அங்கே ஓர் அடி நிலமும் பதிவாகவில்லை.

தோட்ட நிர்வாகம் தொழிலாளிக்கு லயத்தில் வீடு கொடுத்தது. வாடகை இல்லை, அல்லது மிகக் குறைவு. தண்ணீர் வந்தது. பக்கத்திலேயே கோயிலும் தமிழ்ப்பள்ளியும் இருந்தன. எனவே சம்பளம் குறைவாக இருந்தாலும் வாழ்க்கை ஓடியது. இலவச வீடு என்று சொன்னாலும், அது சம்பளத்தின் ஒரு பகுதிதான். கையில் ரொக்கமாக வந்திருக்க வேண்டியதில் ஒரு பங்கு சுவராகவும் கூரையாகவும் வந்தது. வேலை நின்ற நாளில் அந்தப் பங்கும் நின்றது.

1990ஆம் ஆண்டு நிறைவேறிய தொழிலாளர் வீடமைப்பு, வசதிகளுக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம் தோட்ட வீடு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறது. தண்ணீர், மின்சாரம், சுகாதாரம் எல்லாம் அதில் உண்டு. வேலை முடிந்த பிறகு அந்தக் குடும்பம் எங்கே போகும் என்பது அதில் இல்லை. தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. அந்த வயதில், வாடகை வீடு தேடிப் பழக்கமே இல்லாத ஒருவர் வீட்டைக் காலி செய்து சாவியை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும்.

என் அப்பா கோல சிலாங்கூர் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறார். வயது 54. இந்தக் கட்டுரைக்கு என் குடும்பத்தைப் பற்றி இவ்வளவு போதும். கீழே வரும் கணக்குகளை நான் ஏன் பென்சிலும் தாளுமாக உட்கார்ந்து போட்டேன் என்பது உங்களுக்குப் புரியும். தோட்டப்புறத்திலிருந்து படிக்க வந்த பலருடைய வீட்டிலும் இதே கணக்கு காத்திருக்கிறது.

பத்து வெள்ளி காட்டிய வழி

நிலம் கைமாறும்போது தொழிலாளி நடுத்தெருவுக்கு வருவது 1990களில் தொடங்கிய கதை அல்ல. சுதந்திரத்துக்கு முன்னும் பின்னும் வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டார்கள். வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி மறுபடியும் விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று வரலாற்றுப் புத்தகம் ஒரே சொல்லில் சொல்லிவிடும். அந்தச் சொல்லுக்குள் வேலையும் வீடும் ஒரே நாளில் இழந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன.

அப்போது துன் வீ. தி. சம்பந்தன் முன்வைத்த யோசனையை இன்றைய மாணவர்கள் பொருளாதாரப் பாடமாகவே படிக்கலாம். தோட்டத்தை வாங்க யாரோ ஒருவரிடம் பணம் இருக்கிறது என்றால், தொழிலாளர்கள் எல்லாரும் சேர்ந்தால் அவர்களிடமும் அந்தப் பணம் இருக்கும் என்றார். 1960ஆம் ஆண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மாதம் பத்து வெள்ளி கட்டி நூறு வெள்ளிப் பங்கு வாங்கலாம். அமைச்சராக இருந்தவர் தோட்டம் தோட்டமாக நடந்து பங்கு சேர்த்தார். மறு ஆண்டே கெடாவில் உள்ள புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. அதன் பின் மேலும் பல தோட்டங்கள் வந்தன.

நாளுக்குச் சில வெள்ளி சம்பாதித்தவர்களால் தோட்டம் வாங்க முடிந்தது என்பது உண்மையில் நடந்தது. இதில் நான் கவனிப்பது இரண்டு விஷயங்களை. ஒன்று, நிலம் விற்பனைக்கு வந்த பிறகு அழுவதைவிட, வருவதற்கு முன்பே சேமிப்பைத் தொடங்கினார்கள். இரண்டு, வாங்கிய நிலம் சங்கத்தின் பெயரில் முறையாகப் பதிவானது. வாய்வார்த்தையை நம்பவில்லை. ஐந்து தோட்டங்களின் நீண்ட போராட்டத்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எழுத்தில் பதிவான உரிமைக்கும் வெறும் வாக்குறுதிக்கும் உள்ள தூரம் தெரியும்.

குறைந்தபட்ச சம்பளத்தில் ஒரு வீடு

இனி இன்றைய கணக்கு. 2025 முதல் குறைந்தபட்ச சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். இதில் இபிஎப் எனப்படும் ஊழியர் சேமநிதிக்குத் தொழிலாளி 11 விழுக்காடும் முதலாளி 13 விழுக்காடும் செலுத்த வேண்டும். 187 ரிங்கிட், 221 ரிங்கிட். சேர்த்தால் 408 ரிங்கிட்.

2024 மே மாதம் முதல் இந்தத் தொகை மூன்று கணக்குகளுக்குப் பிரிகிறது. 75 விழுக்காடு ஓய்வுக்காலக் கணக்கு, 15 விழுக்காடு செஜாத்ரா கணக்கு, 10 விழுக்காடு ஃபிளெக்சிபல் கணக்கு. வீடு வாங்குவதற்கான பணத்தை எடுக்கும் இடம் செஜாத்ரா. முன்பு இரண்டாம் கணக்கு என்று இருந்தபோது அதற்கு 30 விழுக்காடு போனது. இப்போது 15.

அப்படியானால் 408 ரிங்கிட்டில் வீட்டுக்காகச் சேர்வது மாதம் சுமார் 61 ரிங்கிட். ஆண்டுக்குச் சுமார் 734 ரிங்கிட். இலாப ஈவை இப்போதைக்கு ஒதுக்கி வைப்போம்.

250,000 ரிங்கிட் வீட்டுக்கு 10 விழுக்காடு முன்பணம் 25,000 ரிங்கிட். இந்தக் கணக்கை மட்டும் நம்பினால் 34 ஆண்டுகள் ஆகும். 180,000 ரிங்கிட் வீட்டுக்கு 18,000 ரிங்கிட். அதற்கு 24 ஆண்டுகளுக்கு மேல். 42,000 ரிங்கிட் மலிவுவிலை வீட்டுக்கு 4,200 ரிங்கிட். அது ஆறு ஆண்டுக்குள் சேர்ந்துவிடும்.

நம் பெற்றோர் சோம்பேறிகளாக இருந்ததால் வீடு வாங்கவில்லை என்று பேசுகிறவர்களுக்கு இந்த மூன்று எண்களே பதில். மலிவுவிலை வீடு கட்டினால் தோட்டத் தொழிலாளி வாங்குவார். கட்டாவிட்டால் எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் அவர் வாழ்நாள் போதாது.

முன்பணம் சேர்ந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த தடை வயது. வீட்டுக் கடனுக்கு அதிகபட்சத் தவணைக் காலம் 35 ஆண்டுகள் என்று பேங்க் நெகாரா 2013இல் வரம்பு வைத்தது. அதோடு, கடன் வாங்குபவருக்கு 70 வயது ஆவதற்குள் கட்டி முடிக்க வேண்டும் என்பது வங்கிகளின் வழக்கம். 180,000 ரிங்கிட் வீட்டுக்கு 162,000 ரிங்கிட் கடன், வட்டி 4 விழுக்காடு என்று கொள்வோம். 54 வயதுக்காரருக்கு மிஞ்சிப் போனால் 16 ஆண்டு. மாதத் தவணை சுமார் 1,144 ரிங்கிட். 1,700 ரிங்கிட் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. எந்த வங்கியும் தலையாட்டாது. இதே கடனை 25 வயதுக்காரர் 35 ஆண்டுக்கு எடுத்தால் தவணை சுமார் 717 ரிங்கிட்.

நீண்ட தவணை இலவசம் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 717 ரிங்கிட்டை 420 மாதம் கட்டினால் மொத்தம் 301,000 ரிங்கிட்டைத் தாண்டும். கடன் வாங்கியது 162,000. மீதி எல்லாம் வட்டி. ஆனால் தவணை கட்ட முடிகிற நிலையே இல்லாதவருக்கு வட்டி மிச்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இந்தக் கணக்கிலிருந்து ஓர் உண்மை தெளிவாகிறது. தோட்டத்துக் குடும்பங்கள் பலவற்றில் முதல் வீட்டுக் கடன் பெற்றோர் பெயரில் வரப்போவதில்லை. நம் பெயரில்தான் வரப்போகிறது. அப்பா, அம்மாவின் ஓய்வுக்கால வீடும் நம் முதல் வீடும் ஒன்றாகவே இருக்கப்போகிறது. அரசாங்கமே ஒரு முறை இதை ஏற்றுக்கொண்டது. 2011ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளர்கள் மலிவுவிலை வீடு வாங்க பேங்க் சிம்பானான் நேஷனல் வழியாக 50 மில்லியன் ரிங்கிட் கடன் நிதி ஒதுக்கியபோது, கடனை அடுத்த தலைமுறையும் தொடர்ந்து கட்டலாம் என்று இரு தலைமுறைக் கடனாகவே அதை வகுத்தார்கள்.

நிலம் மலிவாக வந்தால்

வீடு விலை கட்டுப்படியாகாதபோது அடுத்து வரும் யோசனை நிலம். "இஜோக் பக்கம் ஒரு லாட் வருகிறது, பத்துப் பேர் சேர்ந்து வாங்கினால் ஆளுக்கு ஒரு மனை" என்று யாராவது ஒருவர் சொல்வார். லாத்தார் நெடுஞ்சாலை 2011இல் திறந்த பிறகு கோல சிலாங்கூருக்கும் கோலாலம்பூருக்கும் இடையே தூரம் குறைந்தது. நிலத்துக்கான ஆசை அதோடு கூடியது.

ஆசைப்படுவது தவறில்லை. ஆனால் கையெழுத்துப் போடும் முன் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும்.

முதலாவது, கிரானில் நிலத்தின் வகை என்ன? விவசாய நிலம் என்று இருந்தால் அது வீட்டு மனை ஆகாது. வீட்டு மனையாக்க நில அலுவலகம் வழியாக மாநில அரசிடம் வகை மாற்றத்துக்கு விண்ணப்பித்து, அதற்கான கட்டணத்தையும் கட்ட வேண்டும். அனுமதி கிடைக்கும் என்று விற்பவர் வாயால் சொல்வது அனுமதி ஆகாது.

இரண்டாவது, தனிக் கிரானா, கூட்டுக் கிரானா? தேசிய நிலச் சட்டப்படி விவசாய நிலத்தைப் பிரித்தால் ஒவ்வொரு துண்டும் குறைந்தது 0.4 ஹெக்டர், அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கர் இருக்க வேண்டும். ஓர் ஏக்கரைப் பத்துப் பேர் சேர்ந்து வாங்கினால் பத்துத் தனிக் கிரான் வராது. ஒரே கிரானில் பத்துப் பெயர் இருக்கும். "இந்த மூலை உனக்கு, அந்த மூலை எனக்கு" என்பது நண்பர்களுக்குள் பேசிக்கொண்டது. பதிவேட்டில் எந்த மூலை யாருக்கு என்று இருக்காது. அப்படிப்பட்ட நிலத்தில் வீடு கட்ட வங்கிக் கடன் கிடைப்பது மிகக் கடினம். பத்தில் ஒருவர் விற்க மறுத்தாலோ, இறந்தாலோ, கடனாளி ஆனாலோ மற்ற ஒன்பது பேரும் மாட்டிக்கொள்வார்கள்.

மூன்றாவது, யாருக்கு விற்கலாம் என்று கிரானில் கட்டுப்பாடு இருக்கிறதா? மலாய் ஒதுக்கீட்டு நிலத்தை மற்ற இனத்தவர் வாங்க முடியாது. சில குத்தகை நிலங்களை விற்க மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். பாக்கி ஆண்டுகள் எத்தனை என்பதும் முக்கியம். 99 ஆண்டுக் குத்தகையில் 30 ஆண்டுதான் மிச்சம் என்றால் வங்கி தயங்கும்.

நான்காவது, அது உண்மையில் கிரான்தானா? டிஓஎல் எனப்படும் தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தை நிலம் என்று நம்பி வாழும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அது ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய அனுமதி. அதை விற்க முடியாது. உரிமம் பெற்றவர் இறந்தால் அதோடு அதுவும் முடிகிறது. பிள்ளைகளுக்குப் போகாது.

இந்த நான்குக்கும் விடை காண வழக்கறிஞர் படிப்பு தேவையில்லை. நில அலுவலகத்தில் சிறு கட்டணம் கட்டி, கிரான் எண்ணைக் கொடுத்து, பதிவுத் தேடல் செய்யலாம். உரிமையாளர் யார், நிலம் அடமானத்தில் இருக்கிறதா, தடை ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று ஒரு தாளில் வந்துவிடும். அது மலாய் மொழியில் இருக்கும். தமிழ்ப்பள்ளியில் தொடங்கி மலாய்மொழி இடைநிலைப்பள்ளியில் படித்த நமக்கு இரண்டு மொழியும் தெரியும். வீட்டில் பெரியவர்கள் ஒரு லாட் பார்க்கப் போகிறார்கள் என்றால் அந்தத் தாளை எடுத்து வரிவரியாகத் தமிழில் விளக்கிச் சொல்வது நம் வேலை.

நிலம் ஏற்கனவே இருக்கும் குடும்பங்களுக்கு வேறொரு வேலை உண்டு. கிரான் இன்னும் தாத்தா பெயரிலேயே கிடக்கிறதா என்று பாருங்கள். பெயர் மாற்றாமல் இரண்டு தலைமுறை போனால் வாரிசுகள் பத்துப் பதினைந்து பேராகப் பெருகுவார்கள். அத்தனை பேரையும் ஒரு மேசைக்குக் கொண்டுவருவதற்குள் அடுத்த தலைமுறை வந்துவிடும். சிறிய அளவிலான மரபுச் சொத்தைப் பங்கிட நில அலுவலகத்திலேயே வழி இருக்கிறது. முறையான தனிக் கிரானும் குறைந்த வருமானமும் உள்ள குடும்பங்களுக்குச் சொந்த நிலத்திலேயே வீடு கட்டித் தரும் ரூமா மெஸ்ரா ராக்யாட் திட்டம் இருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்கவும் முதலில் நிலத்தின் பத்திரம் சரியாக இருக்க வேண்டும்.

இருபது வயதில் என்ன செய்வது?

வீடு வாங்குவது முப்பது வயதுப் பேச்சு, இப்போது எதற்கு என்று கேட்கலாம். வங்கி நம்மைப் பற்றி எழுதத் தொடங்குவது இருபது வயதில்தான் என்பதே பதில். பேங்க் நெகாராவின் சிசிரிஸ் பதிவில் நம் கடன்களும், கடந்த 12 மாதங்களாக அவற்றை ஒழுங்காகக் கட்டினோமா என்பதும் இருக்கும். பிடிபிடிஎன் கல்விக் கடனும் அதில் வரும். அந்தக் கடனை நான் குறை சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் நம்மில் பலர் பல்கலைக்கழக வாசலையே பார்த்திருக்க மாட்டோம். வேலை கிடைத்ததும் சிறு தொகையாக இருந்தாலும் மாதந்தோறும் கட்டினால் அதுவே நமக்கு நற்சான்றிதழ். கட்டாமல் விட்டால் அதுவே வீட்டுக்குத் தடை. சிசிரிஸ் அறிக்கையை எவரும் இலவசமாகப் பார்க்கலாம்.

அடுத்தது வாகனம். முதல் சம்பளம் வந்ததும் கார் என்பது நம்மிடையே எழுதாத சட்டம் போல ஆகிவிட்டது. பஸ் வசதி குறைந்த தோட்டப்புறத்தில் வாகனம் ஆடம்பரம் அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் வங்கி, வருமானத்தில் எவ்வளவு ஏற்கனவே கடனுக்குப் போகிறது என்றுதான் பார்க்கும். மாதம் 600 ரிங்கிட் கார்த் தவணையை, 4 விழுக்காடு வட்டியில் 35 ஆண்டுக் கடனாகக் கணக்கிட்டால், அது ஏறக்குறைய 135,000 ரிங்கிட் வீட்டுக் கடனுக்குச் சமம். பழைய கார், அல்லது ஒரு மோட்டார் சைக்கிள், சில ஆண்டுகளுக்குப் போதும் என்று முடிவெடுத்தால் அந்த 135,000 ரிங்கிட் நம் பக்கம் இருக்கும்.

மூன்றாவது, சம்பளச் சீட்டு. விடுமுறையில் பகுதிநேர வேலை செய்யும்போது இபிஎப் கட்டுகிறார்களா என்று கேளுங்கள். கையில் கொஞ்சம் அதிகம் தருகிறேன், இபிஎப் வேண்டாம் என்று சொல்லும் முதலாளியை நம்பினால், வங்கியின் கண்ணில் நாம் வேலையே செய்யாதவர்கள். உணவு விநியோகம் செய்பவர்கள், அங்காடிக் கடை வைத்திருப்பவர்கள் போன்று சம்பளச் சீட்டே இல்லாதவர்களுக்கும் கதவு முழுதாக அடைபடவில்லை. எஸ்ஜேகேபி எனப்படும் வீட்டுக் கடன் உத்தரவாத நிறுவனம் அப்படிப்பட்டவர்களுக்காக வங்கியிடம் உத்தரவாதம் தருகிறது. அதற்கும் வங்கிக் கணக்கில் பணம் ஒழுங்காக வந்துபோன தடயம் வேண்டும்.

நான்காவது, குடும்பத்தோடு இப்போதே பேச வேண்டும். அப்பாவுக்கு இபிஎப்பில் எவ்வளவு இருக்கிறது, தோட்டத்து வீட்டை எப்போது காலி செய்ய வேண்டும், எந்த ஊரில் இருக்க விருப்பம், சிலாங்கூர் மாநில வீட்டுத் திட்டங்களில் பெயர் பதிந்திருக்கிறோமா என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. இந்தப் பேச்சைத் தள்ளிப்போட்டால் ஓய்வுக் கடிதம் வந்த வாரத்தில் அவசரமாகப் பேச வேண்டியிருக்கும். அவசரத்தில்தான் கூட்டுக் கிரானும் போலித் தரகரும் வீட்டுக்குள் வருகிறார்கள்.

தனி முயற்சி மட்டும் போதுமா?

போதாது. மேலே உள்ள எல்லாவற்றையும் ஒருவர் சரியாகச் செய்தாலும் 42,000 ரிங்கிட் வீடு அவர் ஊரில் கட்டப்படாவிட்டால் பயனில்லை. சேமிப்பைப் பற்றி இளைஞர்களுக்கு அறிவுரை சொல்வது சுலபம். நிலம் யார் கையில் இருக்கிறது என்பதைப் பேசாமல் அந்த அறிவுரை முழுமை அடையாது.

நம் அரசமைப்பில் நிலம் மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. ஒரு தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாற வேண்டுமானால் விவசாய நிலத்தை வகை மாற்றும் விண்ணப்பம் மாநில அரசின் மேசைக்கு வந்தே தீர வேண்டும். எல்மினா தோட்டம் எல்மினா நகரமானதைப் பார்த்த சிலாங்கூரில் இது புதிய செய்தி அல்ல. அந்த மேசையில்தான் தோட்டத் தொழிலாளியின் வீடு முடிவாக வேண்டும். வேலை செய்யும், வேலை செய்து ஓய்வுபெற்ற குடும்பங்களுக்கு அதே நிலத்தில், அவர்களால் கட்ட முடிகிற விலையில், அவர்கள் பெயரில் பதிவாகும் வீடு என்பதை வகை மாற்ற அனுமதியின் எழுத்துப்பூர்வ நிபந்தனையாக வைக்க வேண்டும். அனுமதி கொடுத்த பிறகு நிறுவனத்திடம் கருணை கேட்டு நிற்பது இருபது ஆண்டு ஆகும் என்பதை ஐந்து தோட்டங்கள் காட்டிவிட்டன.

தோட்ட நிறுவனம் அத்தனை ஆண்டு இலவசமாக வீடு கொடுத்ததே, இன்னும் என்ன கேட்கிறீர்கள் என்பவர்கள் உண்டு. அந்த வீடு சம்பளத்தின் பங்கு என்று முன்பே சொன்னேன். இன்னொன்றும் உண்டு. பால்மரமும் செம்பனையும் நின்ற நிலம் அடுக்குமாடியும் கடைவீடுமாக மாறும்போது அதன் விலை பல மடங்கு ஏறுகிறது. அந்த ஏற்றத்தில் மிகச் சிறு பங்குதான் 245 வீடுகள்.

இலங்கை மலையகத்திலும் இதே பிரச்சினை. தேயிலைத் தோட்டத்து லயன் அறைகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களுக்கு இந்திய உதவியோடு தனி வீடுகள் கட்டப்படுகின்றன. 2017இல் இந்தியப் பிரதமர் நோர்வூட்டில் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். அங்கே குடும்பத்துக்கு 7 பேர்ச் நிலம் என்பதே மையப் பேச்சு. சுவரை விட நிலத்தின் உறுதிப்பத்திரம் பெரிது என்பதை அவர்களும் அனுபவத்தில் கற்றிருக்கிறார்கள்.

பெஸ்தாரி ஜெயாவில் உனிசெல் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது. அங்கும் நாட்டின் மற்ற வளாகங்களிலும் தோட்டத்துப் பிள்ளைகள் சட்டம், கணக்கியல், நில அளவை, நகரத் திட்டமிடல் படிக்கிறார்கள். நம் இந்திய மாணவர் சங்கங்கள் ஆண்டுதோறும் கலைநிகழ்ச்சி நடத்துகின்றன. அதே சங்கங்கள் அரையாண்டுக்கு ஒரு சனிக்கிழமை ஒரு தோட்டத்துக்குப் போய், கிரான் தேடுவது எப்படி, இபிஎப்பில் வீட்டுக்குப் பணம் எடுப்பது எப்படி, மாநில வீட்டுத் திட்டத்துக்கு விண்ணப்பிப்பது எப்படி என்று மேசை போட்டு உட்கார்ந்தால் அந்தப் படிப்புக்கு உடனே பயன் உண்டு. ஓய்வுக்கு ஐந்து ஆண்டு இருக்கும் தொழிலாளர்களின் பட்டியலை எடுத்து, அவர்கள் வீட்டிலிருந்து அந்தப் பணியைத் தொடங்கலாம்.

துன் சம்பந்தன் காலத்தில் ஒரு தொழிலாளி பத்து வெள்ளியைக் கொடுத்து ஒரு ரசீதை வாங்கி டிரங்குப் பெட்டியில் வைத்தார். அதுதான் அவர் குடும்பத்தில் நிலத்தைப் பற்றிய முதல் தாளாக இருந்திருக்கும். நம் குடும்பத்தில் அடுத்த தாள் எது என்று முடிவு செய்யும் வயதுக்கு நாம் வந்துவிட்டோம்.